ரைட் பை வயர் பைக் ஐட்லிங்கில் நிற்கவில்லையா? கொழும்பில் இருக்கும் நான்கு வழிகள்

கிருலப்பனைச் சந்தியில் சிவப்பு விளக்கு. கிளட்ச்சைப் பிடித்து பைக்கை நிறுத்துகிறீர்கள். ஆர்பிஎம் ஒருமுறை ஏறி, இறங்கி, எஞ்சின் உதறிக்கொண்டு அணைகிறது. பச்சை விழும்போது நீங்கள் ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்திக்கொண்டு நிற்கிறீர்கள். பின்னால் 138 பஸ்காரர் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை.

இந்த நிலைமையில் இருக்கும் நண்பர்கள் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "திரொட்டில் பொடியை (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் உறுப்பை) நானே கழுவிப் பார்க்கவா, வழக்கமான கராஜில் கொடுக்கவா, பைக் கம்பனியின் ஏஜென்ட்டிடமே விடவா, இல்லாவிட்டால் பஞ்சிகாவத்தையில் பாவித்த ஒன்றை வாங்கி மாற்றிவிடவா?" கார்பரேட்டர் பைக்கில் இது ஒரு கேள்வியே இல்லை. பக்கத்தில் இருக்கும் ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் திருப்பினால் ஐட்லிங், அதாவது கைப்பிடியை முறுக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம், கூடும், வேலை முடிந்தது. ரைட் பை வயர் என்ற மின்னணு திரொட்டில் உள்ள பைக்கில் நாம் திருப்புவதற்கென்று அப்படி ஒரு ஸ்க்ரூ கிடையாது. அதனால்தான் எங்கே கொண்டுபோவது என்பதே பெரிய முடிவாகிவிடுகிறது.

என் பைக்குக்கும் இந்தக் கோளாறு வந்தது. இரண்டு இடத்தில் காசு கட்டிய பிறகுதான் உண்மையான காரணம் தெரிந்தது. அந்தக் கதை கீழே வரும்.

## இந்தப் பைக்கில் ஐட்லிங் எப்படி நடக்கிறது

நீங்கள் கைப்பிடியை முறுக்கும்போது, எவ்வளவு முறுக்கினீர்கள் என்பதை ஒரு சென்சர் அளந்து ஈசியூவுக்கு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்குச் சொல்கிறது. ஈசியூ ஒரு சிறிய மோட்டாரைச் சுழற்றி, திரொட்டில் பொடிக்குள் இருக்கும் பட்டர்ப்ளை என்ற வட்டத் தகட்டைத் திறக்கிறது. தகடு உண்மையில் எவ்வளவு திறந்தது என்பதை இன்னொரு சென்சர் திருப்பிச் சொல்கிறது. பாதுகாப்புக்காக இந்தச் சென்சர்கள் இரட்டைச் சிக்னல் அனுப்பும். இரண்டும் ஒத்துவராவிட்டால் ஈசியூ சந்தேகப்பட்டு, எஞ்சினை மட்டுப்படுத்தி, டிஸ்ப்ளேயில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிடும்.

யமஹா ஆர்6 பைக்கில் 2006 மாடலிலேயே இது வந்துவிட்டது. நம் பக்கத்தில் பலர் முதலில் கையில் தொட்டது 2017 இல் வந்த கேடிஎம் 390 டியூக்கில்தான். 2023 இல் வந்த ஹிமாலயன் 450, ட்ரையம்ப் ஸ்பீட் 400 இரண்டுமே இந்த வகைதான்.

பழைய எஃப்ஐ (ஃப்யூவல் இன்ஜெக்ஷன்) பைக்குகளில் ஐட்லிங் காற்றுக்கென்று தனி வால்வு இருக்கும். மின்னணு திரொட்டிலில் பொதுவாகத் தகடே அந்த வேலையையும் செய்கிறது. ஐட்லிங்கில் அது மயிரிழை அளவுதான் திறந்திருக்கும். அந்த இடைவெளியைச் சுற்றிக் கரி வளையமாகப் படிந்தால் காற்று குறையும். ஈசியூ அதைக் கவனித்து, தகட்டை மெல்ல மெல்லக் கூடுதலாகத் திறக்கப் பழகிக்கொள்ளும். இந்தப் பழக்கம் அதன் நினைவில் பதிந்துவிடும். ஒரு நாள் நீங்கள் கரியைத் துடைத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். ஈசியூவுக்கு அது தெரியாது. பழைய கணக்கிலேயே தகட்டைத் திறக்கும், ஐட்லிங் எகிறும். "கழுவின பிறகு இன்னும் மோசமாகிவிட்டது" என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். பழுது எதுவும் இல்லை, மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, அந்த வழி காரணத்தைக் கண்டுபிடிக்குமா, இல்லை அறிகுறியை மட்டும் மறைக்குமா. இரண்டாவது, வேலை முடிந்த பிறகு ஐட்லிங்கைக் கற்றுக்கொடுக்கும் வசதி அங்கே இருக்கிறதா. மூன்றாவது, முழுச் செலவு. பில்லில் எழுதுவது மட்டுமல்ல, பைக் இல்லாத நாட்களுக்கு ஓடும் த்ரீவீலர் காசும் சேர்த்து. டெலிவரி ஓடுகிற தம்பிமாருக்கு ஒரு நாள் பைக் நின்றால் அந்த நாள் வருமானமே போய்விடும். நான்காவது, ஏதாவது பிழையாகிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா. ஐந்தாவது, உத்தரவாதம்.

ஐந்திலும் நான் கூடுதல் எடை கொடுப்பது நான்காவதற்கு. இது பைக்கின் வேகத்தையே தீர்மானிக்கிற உறுப்பு. இங்கே நடக்கிற பிழை காலி வீதியில் இரண்டு பஸ்களுக்கு நடுவே வந்து காட்டும்.

## எந்த வழிக்கும் முன்னால் அரை மணித்தியாலம்

இதைச் செய்யாமல் எங்கேயும் போகாதீர்கள். நான் செய்யாததால்தான் இரண்டு தடவை காசு கட்டினேன்.

பற்றரி. ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற பைக்கில் 12.6 வோல்ட் அளவு காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது, கொஞ்சம் ரேஸ் கொடுத்தால் 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். பிறகு ஹெட்லைட்டும் ரேடியேட்டர் ஃபேனும் ஓடும்போது ஐட்லிங்கில் ஒருமுறை பாருங்கள். கொழும்பு டிராஃபிக்கில் உங்கள் பைக் படும் பாடு அதுதான். தகட்டைப் பிடித்து வைத்திருப்பது மின்மோட்டார் என்பதால், மின்சாரம் தள்ளாடினால் ஐட்லிங்கும் தள்ளாடும்.

பற்றரி முனைகள். கழற்றிப் பாருங்கள், மேலிருந்து பார்த்தால் தெரியாது. நான் வெள்ளவத்தையில், கடற்கரைக்கு நூறு மீற்றருக்குள் பைக் நிறுத்துகிறவன். என் பைக்கின் நெகட்டிவ் முனை மேலே பளபளப்பாகவே இருந்தது. போல்ட்டைக் கழற்றியபோது அடியில், வயரின் வளையத்துக்கும் ஈயத்துக்கும் நடுவில், பச்சையாகப் பூத்து மெல்லிய தோல் மாதிரிப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. உப்புக் காற்று செய்த வேலை. உப்புத் தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே வசிலின் பூசினேன். செலவு இல்லை.

கைப்பிடி. அண்மையில் க்ரிப் மாற்றினீர்களா? பார் எண்ட் போட்டீர்களா? புதிய ரப்பர் ஓரத்தில் உரசினால் கைப்பிடி முழுதாகப் பூச்சியத்துக்குத் திரும்பாது. ஈசியூ நீங்கள் கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருப்பதாகவே நினைக்கும். சில பைக்குகளில் கைப்பிடியிலிருந்து சென்சர் வரை இன்னும் கேபிள் போகும், அதன் தளர்வையும் பாருங்கள்.

எயார் பில்டர், ஸ்பார்க் பிளக். இவற்றை விளக்கத் தேவையில்லை, எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். 92 இலிருந்து 95 பெற்றோலுக்கு மாறினால் ஐட்லிங் சரியாகும் என்பதை நம்பிச் செலவழிக்க வேண்டாம். ஒக்டேன் என்பது எஞ்சின் தட்டுவதைத் தடுக்கும் அளவு, ஐட்லிங்குக்கான மருந்து இல்லை.

கோளாறு எண் (கோட்). கோளாறு வந்தால் ஈசியூ அதற்குரிய எண்ணைப் பதிந்துவைக்கும். புதிய பைக்குகள் பலவற்றில் சீட்டுக்கு அடியில் ஆறு முனைச் சொக்கட் இருக்கும். அதற்கு ஒரு அடாப்டரும் மலிவான ப்ளூடூத் ரீடரும் இருந்தால் பல மாடல்களில் அந்த எண்ணை நீங்களே வாசிக்கலாம். பி0506 என்றால் ஐட்லிங் எதிர்பார்த்ததை விடக் குறைவு, பி0507 என்றால் கூடுதல். பி0562 மின்னழுத்தம் குறைவு. பி2135 அல்லது பி2138 வந்தால் இரட்டைச் சென்சர்கள் ஒத்துவரவில்லை என்று அர்த்தம். கடைசி இரண்டில் ஒன்று வந்திருந்தால் முதல் இரண்டு வழிகளையும் மறந்துவிட்டு நேரே மூன்றாவது வழிக்கு, அதாவது ஏஜென்ட்டிடம் போங்கள்.

## ஒரே பார்வையில்

| | நானே சுத்தம் செய்வது | பக்கத்துக் கராஜ் | ஏஜென்ட் சேர்விஸ் | பாவித்த திரொட்டில் பொடி |
|---|---|---|---|---|
| காரணம் தெரியுமா | கரி என்றால் மட்டும் | மெக்கானிக்கைப் பொறுத்தது | பெரும்பாலும் தெரியும் | தெரியாது |
| கற்றுக்கொடுக்கும் வசதி | சில மாடல்களில் | ஸ்கேனர் இருந்தால் | உண்டு | தனியாகத் தேட வேண்டும் |
| கையிலிருந்து போகும் காசு | மிகக் குறைவு | குறைவு | கூடுதல் | கூடுதல், கூலி தனி |
| பைக் இல்லாத நாட்கள் | அரை நாள் | ஒரு நாள் | முறைக்குக் காத்திருக்க வேண்டும் | சொல்ல முடியாது |
| பிழையானால் திரும்ப முடியுமா | கவனமாக இருந்தால் | ஸ்டொப் ஸ்க்ரூவைத் தொடாதவரை | முடியும் | பழையதை வைத்திருந்தால் |
| உத்தரவாதம் | பாதிக்கலாம் | பாதிக்கலாம் | பாதுகாப்பு | இல்லை |

## வழி 1: நானே சுத்தம் செய்வது

மஞ்சள் விளக்கு எரியவில்லை, கோளாறு பல மாதமாக மெல்ல மெல்ல வந்தது, பைக் நல்ல கிலோமீற்றர் ஓடியிருக்கிறது, உத்தரவாதக் காலமும் முடிந்துவிட்டது. இந்த நான்கும் பொருந்தினால் இதுதான் சிறந்த வழி என்பேன். கரி படிந்த கோளாறு திடீரென்று வராது. நேற்று நன்றாக இருந்து இன்று காலை அணைகிறது என்றால் வேறு எங்கேயோ தேட வேண்டும்.

செய்முறையில் மூன்று விஷயம் முக்கியம். சாவியை எடுத்து ஒரு நிமிடம் பொறுத்த பிறகே கை வையுங்கள், மோட்டார் தகட்டை அசைத்தால் விரல் மாட்டிக்கொள்ளும். தகட்டை விரலாலோ ஸ்க்ரூ டிரைவராலோ தள்ளித் திறக்காதீர்கள், உள்ளே இருப்பது நுண்ணிய பற்சக்கரங்கள். கார்பரேட்டர் கிளீனர் வேண்டாம், திரொட்டில் பொடிக்கென்று விற்கும் கிளீனரைக் கேட்டு வாங்குங்கள். சில தகடுகளில் உள்ள மெல்லிய பூச்சையும் ரப்பர் சீல்களையும் மற்றது கெடுத்துவிடலாம்.

நேரே உள்ளே பீய்ச்சவும் கூடாது. பஞ்சு உதிராத துணியில் நனைத்துத் துடையுங்கள். டோர்ச் அடித்துப் பார்த்தால் தகட்டின் விளிம்பைச் சுற்றி, தேநீர்க் கோப்பைக்குள் படியும் கறை மாதிரி ஒரு கறுத்த வளையம் தெரியும். அந்த வளையம்தான் குற்றவாளி. முதல் துடைப்பிலேயே துணி கன்னங்கரேலென்று வந்தால் நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள். துணி கிட்டத்தட்டச் சுத்தமாகவே வந்தால் கரி அல்ல காரணம். அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மறைவான செலவு பிறகுதான் வரும். மறுபடி கற்றுக்கொடுக்கும் முறை மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் சாவியைப் போட்டுவிட்டுக் குறிப்பிட்ட நேரம் காத்திருப்பது. சிலவற்றில் கைப்பிடியைத் தொடாமல் 15 நிமிடம் போல ஐட்லிங்கில் ஓடவிடுவது. சிலவற்றில் ஸ்கேனர் இல்லாமல் முடியவே முடியாது. உங்கள் மாடலின் சேர்விஸ் கையேட்டில் என்ன இருக்கிறது என்று பைக்கைக் கழற்றுவதற்கு முன்பே பாருங்கள். ஸ்கேனர் வேண்டும் என்றிருந்தால் அந்தக் காசையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, தொடர்மாடியின் நிலத்தடிப் பார்க்கிங்கில் எஞ்சினை 15 நிமிடம் ஓடவிடாதீர்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு வாசனை இல்லை. வெளியே, வெட்டவெளியில் செய்யுங்கள்.

## வழி 2: பக்கத்துக் கராஜ்

கையில் திறமை உள்ள மெக்கானிக்குகள் இந்த ஊரில் நிறைய. மின்சாரத்தோடு சம்பந்தமில்லாத காரணம் என்றால் அவர்களிடம் போவதே நல்லது. திரொட்டில் பொடியை எஞ்சினோடு இணைக்கும் இன்டேக் ரப்பரில் வெடிப்பு விழுந்து காற்று புகுந்தால் ஐட்லிங் ஏறி இறங்கும். வால்வு இடைவெளி இறுகிப்போனால் சூடான பிறகு உதறலாம். பெற்றோல் பம்ப் தளர்ந்தாலும் அப்படித்தான். இவற்றைக் காதாலேயே பிடிக்கிற அனுபவசாலிகள் தெமட்டகொடையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிறார்கள், கூலியும் நியாயம்.

ஆனால் கார்பரேட்டர் காலத்துப் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. என் பைக்கை நான் முதலில் கொடுத்தது அப்படி ஒரு கராஜில். "தம்பி, ஸ்லோவைக் கொஞ்சம் கூட்டி விடுறன்" என்றார் அவர். தகட்டின் அடியில், அது மூடும் எல்லையைத் தீர்மானிக்கும் ஒரு ஸ்டொப் ஸ்க்ரூ இருந்தது, தலையில் தொழிற்சாலையில் வைத்த பெயின்ட் புள்ளியோடு. அந்தப் புள்ளிக்கு "தொடாதே" என்றுதான் அர்த்தம். அவர் அதை உடைத்துத் திருப்பினார். ஐட்லிங் 2,500 இல் போய் நின்றது, மஞ்சள் விளக்கும் வந்தது. கெட்ட எண்ணம் அவருக்கு இல்லை. உதவி செய்யத்தான் நினைத்தார். எனக்கும் அப்போது தெரியாது, தடுக்கவில்லை.

அதனால் பைக்கைக் கொடுப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். "இந்த மாடலுக்கு ஸ்கேனர் இருக்கா அண்ணா?" "கழுவின பிறகு ஐட்லிங் ரீசெட் பண்ணுவீங்களா?" இரண்டுக்கும் ஆம் என்றால் ஏஜென்ட்டுக்குப் போகத் தேவையே இல்லாமல் போகலாம். ஒன்றுக்காவது தயங்கினால், பிளக், பில்டர், வால்வு வேலைகளை மட்டும் கொடுங்கள். திரொட்டில் பொடியில் கை வைக்க வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். இதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

## வழி 3: ஏஜென்ட் சேர்விஸ்

மஞ்சள் விளக்கு எரிந்தால், முறுக்கும்போது பைக் பதில் சொல்லாமல் போனால், உத்தரவாதம் இருந்தால், இதுதான் வழி. சென்சர்களின் வோல்ட் அளவை ஓடும்போதே பார்க்கவும், அந்த பிராண்டுக்குரிய முறையில் கற்றுக்கொடுக்கவும் கருவி அங்கேதான் உறுதியாக இருக்கும். என் பைக்கின் ஸ்க்ரூவை, உடைந்த பெயின்ட்டின் அடையாளத்தை வைத்துப் பழைய இடத்துக்குத் திருப்பி, ரீசெட் செய்து கொடுத்தார்கள். அந்த வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் மூன்று வாரத்தில் பைக் மறுபடி சந்தியில் அணைந்தது. அப்போதுதான் பற்றரி முனையைக் கழற்றி, மேலே சொன்ன பச்சைப் படிவைக் கண்டேன். அதுதான் உண்மையான காரணம். அதாவது பெரிய கருவி இருந்தாலும், நீங்கள் சொல்வதை வைத்துத்தான் அவர்கள் தேடுவார்கள். "ஐட்லிங் சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள்: சூடாகும்போதா, குளிரிலா, ஃபேன் ஓடும்போதா, மழைக்குப் பிறகா, எத்தனை நிமிடத்தில். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவ மழையில் தண்ணீர் தேங்கிய வீதியால் போனீர்களா என்பதையும் சொல்லுங்கள். கனெக்டருக்குள் ஈரம் போனால், காய்ந்த பிறகு கோளாறு மறைந்துவிடும், சேர்விஸ் நிலையத்தில் பைக் ஒழுங்காகவே ஓடும். அணைகிற நேரத்தில் டிஸ்ப்ளேயை போனில் வீடியோ எடுத்துவைத்திருந்தால் இன்னும் நல்லது.

மறைவான செலவு இங்கே நேரம்தான். முறை கிடைக்கும் வரை ஒரு காத்திருப்பு, பாகம் தேவைப்பட்டால் இன்னொரு காத்திருப்பு. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் தனியாருக்குத் திறந்தது. அதனால் இங்கே ஓடும் பைக்குகளில் பல அதற்கு முந்தியவை, அவற்றுக்கான பாகம் அலுமாரியில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் திகதி நெருங்கினால் இதை முன்கூட்டியே யோசியுங்கள். புகைப் பரிசோதனையை ஐட்லிங்கில்தான் எடுப்பார்கள். உதறும் எஞ்சின் எரியாத பெற்றோலை வெளியே தள்ளும், பரிசோதனையில் தவறினால் அனுமதிப்பத்திரமும் தள்ளிப்போகும்.

விலை கேட்கும்போது, பரிசோதனைக் கட்டணத்தையும் வேலைக் கட்டணத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். பரிசோதித்து அறிக்கையை மட்டும் வாங்கிக்கொண்டு, கைவேலையைத் தெரிந்த கராஜில் செய்வதும் ஒரு வழி. உத்தரவாதம் முடிந்த பைக்குக்கு நான் அதிகம் சொல்வது இந்தக் கலவையைத்தான்.

## வழி 4: பஞ்சிகாவத்தையில் பாவித்த திரொட்டில் பொடி

மருதானைப் பக்கம் போய் இரண்டு ஒழுங்கை நடந்தால் எந்தப் பாகமும் கிடைக்கும் என்ற நம்பிக்கை நம் எல்லோருக்கும் உண்டு. கேபிள், லீவர், மிரர் என்றால் நானும் அங்கேதான் போவேன். திரொட்டில் பொடி வேறு கதை. சென்சரும் மோட்டாரும் அதோடு ஒட்டியே வரும். அது எத்தனை கிலோமீற்றர் ஓடியது, விபத்தில் சிக்கிய பைக்கிலிருந்து வந்ததா, வெள்ளத்தில் நின்றதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. சென்சரின் தேய்மானம் வெளியே தெரியாது. மாற்றிய பிறகும் ஈசியூவுக்குக் கற்றுக்கொடுத்தே ஆக வேண்டும், ஆக ஸ்கேனர் செலவு இதிலும் தப்பாது.

ஸ்கேனர் பார்த்து "இந்த மோட்டார்தான் போய்விட்டது" அல்லது "இந்தச் சென்சர்தான்" என்று உறுதியாகச் சொன்ன பிறகு, புதிய பாகம் வர மாதக்கணக்காகும் என்றால் மட்டும் இதை யோசிக்கலாம். சந்தேகத்தைத் தீர்ப்பதற்காக வாங்குவது வேண்டாம். கோளாறு இன்டேக் ரப்பரில் இருந்தால், புதிய பொடி போட்ட பிறகும் பைக் அதே சந்தியில் அணையும்.

வாங்கத்தான் வேண்டும் என்றால் பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். அலுமினிய உடலில் பொறித்த இலக்கம் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரே மாடலிலேயே ஆண்டு மாறினால் பாகம் மாறியிருக்கலாம். ஸ்டொப் ஸ்க்ரூவின் பெயின்ட் புள்ளி உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள், கனெக்டர் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு வாரத்துக்குள் திருப்பி எடுப்பதாகப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் பழைய பொடியைக் கடைக்காரர் "இது எதுக்கு, விட்டுட்டுப் போங்கோ" என்று கேட்பார். புதியது ஒரு மாதம் ஒழுங்காக ஓடும் வரை அதைக் கொடுக்காதீர்கள்.